முடக்கியவர்: நிர்வாகி

அத்தியாயம் ஆறு

“கள்ளன் யாருன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அதை நீங்க துப்பறிஞ்சு சொன்னாப் போதும்” என்றார் விஜய்குமார்.

இவ்வளவு வசதியான வழக்கு எனக்கு வாய்த்ததே இல்லை. விடை தயாராக இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழியை மட்டும் நான் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பறிகிறவர்கள் செய்வதாகக் கேள்விப்பட்ட முறையில் கண்களைச் சுருக்கினேன்.

“கண்ணுல தூசியா சாரே?” என்றாள் ஜினி.

ஜினி என் உதவியாளர், பாறசாலைக்காரி. அறிக்கை டைப் செய்வதும் ஸ்கூட்டர் ஓட்டுவதும் அவள் வேலை. என்னைக் கிண்டல் செய்வது அவளாக எடுத்துக்கொண்ட கூடுதல் பொறுப்பு. நான் தாணு. கரமனையில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் ‘தாணு துப்பறியும் நிலையம்’ நடத்துகிறேன். பலகையில் என் பெயரை விடப் பெரிய எழுத்தில் ‘ரகசியம் காக்கப்படும்’ என்று இருக்கும்.

கொலை, கொள்ளை எல்லாம் எங்கள் மாடிப்படி ஏறுவதில்லை. ஏறுவது கல்யாண விசாரணைதான். பையன் சொன்ன வேலைக்குத்தான் போகிறானா, சாயங்காலமானால் எங்கே போகிறான் என்று பெண் வீட்டார் வந்து கேட்பார்கள். நான் அவனுக்குப் பின்னாலேயே சில நாள் நடந்து பார்த்துச் சொல்வேன். எங்கள் அறிக்கையில் பெயர்கூட இருக்காது. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிடுவோம். ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம்.

விஜய்குமாரின் குடும்பத்துக்குச் சாலை பஜாரில் அரிசி மண்டி. அரிசியில் சம்பாதித்த நம்பிக்கையோடு கழக்கூட்டத்தில், ஹைவே ஓரத்து மாடி ஒன்றில், ‘பந்தக்கால்’ என்ற கல்யாண வெப்சைட்டைத் தொடங்கியிருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வரன் பார்க்க. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. சுவரில் ராகு காலம் எழுதி ஒட்டியிருந்தது. சர்வர் என்று அவர் காட்டிய பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

“முதல்ல அதைக் கேக்கலியே, அக்கா சுகந்தானே? அவங்க கை பட்டா எதுவும் விளங்கும்” என்றார்.

அக்கா என்றது என் மனைவி உலகம்மாளை. எங்கள் வீட்டில் புகழ் பெற்ற ஆள் நான் இல்லை. உலகம்மாளின் கைராசி பஜார் முழுக்கப் பிரசித்தம். மாவு மில்லோ நகைக்கடையோ, முதல் நாள் அவள் கையால் தொடங்கினால் ஓடும் என்று வந்து அழைத்துப் போவார்கள். என் நிலையத்தையும் அவள்தான் திறந்து வைத்தாள். எதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்கும் போல.

“சுகம். விஷயத்துக்கு வாங்க” என்றேன் கண்டிப்பாக.

விஷயம் இதுதான். ஒரு மாதமாகப் பந்தக்காலில் மாப்பிள்ளைகளின் கணக்குகள் ஒவ்வொன்றாக முடங்கிக்கொண்டிருந்தன. ஆள் உள்ளே நுழைய முடியாது. படமும் விவரமும் யாருக்கும் தெரியாது. இதுவரை பத்துப் பன்னிரண்டு பேர். முடங்கியவர்கள் போனில் கத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வெப்சைட்டின் குறிப்பில் ஒரே மாதிரி ஒரு வரிதான் விழுகிறது: ‘முடக்கியவர்: நிர்வாகி. காரணம்: தவறான தகவல்.’

“நிர்வாகி எத்தனை பேரு?” என்றேன்.

“ஒருத்திதான். இந்த வெப்சைட்டை எழுதின அனுஷா. வேற யாருக்கும் முடக்கற அதிகாரம் இல்ல. அதுவும் எல்லாம் மத்தியானந்தான் நடக்குது. ஆபீஸே சாப்பிடப் போகும், இவ மட்டும் டப்பா கொண்டு வந்து சீட்டிலேயே சாப்பிடுவா. நமக்குப் போட்டியா உள்ள எவனோ இவளைக் கையில போட்டிருக்கான். லாப்டாப்பும் போனும் காலையிலேயே வாங்கி வச்சாச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு நம்ம மொபைல் ஆப் தொடக்கம். நல்ல நேரம். அதுக்கு முன்ன சைபர் போலீஸ்ல சொல்லி இந்தப் பீடையை ஒழிக்கணும். நீங்க ஒரு வார்த்தை ‘ஆமா, அவதான்’னு சொல்லிட்டா எனக்கும் மனசாட்சி உறுத்தாது.”

மனசாட்சிக்கு ரசீது கேட்டு என்னை அழைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அவருக்குப் பின்னால் பெரிய திரையில் மாதிரிக்கு ஒரு மாப்பிள்ளை விவரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடையதேதான். கூலிங் கிளாஸ், கோட்டு. ‘விஜய்குமார். கணக்கு எண் 2. எளிமையானவர். யாரையும் அவசரப்பட்டுக் குறை சொல்லாத குணம்.’ முதலாளியே இரண்டாம் எண்தானா, என்ன அடக்கம் என்று வியந்தேன். அப்படியானால் ஒன்றாம் எண் யார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இந்தப் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

கண்ணாடி அறைக்குள் அனுஷா தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முன்னால் வைத்திருந்த தண்ணீர் கிளாஸை அவள் தொடவில்லை.

“நான் செய்யல சார்” என்றாள் நாங்கள் உட்காரும் முன்பே. “கேட்டாத்தானே சொல்ல முடியும்? வந்ததும் போனைப் பிடுங்கிட்டு இங்க இருத்திட்டாரு.”

“வீடு எங்கம்மா?”

“போனக்காடு சார், தேயிலை எஸ்டேட்டு. அம்மா இப்பவும் கொழுந்து கிள்ளுறாங்க. லயத்துல எல்லாரும் பிள்ளைங்களுக்கு என்னைக் காட்டித்தான் படிக்கச் சொல்லுவாங்க. நாளைக்கு என்னைக் கேட்டு ஒரு போலீஸ் ஜீப்பு அங்க ஏறி வந்தா, அப்புறம் ஒரு பொண்ணையும் மலையிறங்கிப் படிக்க விட மாட்டாங்க சார். எனக்கு அதுதான் பயம்.”

இரக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் தொழிலுக்கு வந்தேன். “இந்தக் கணக்கு விவகாரத்தை எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“புரியற மாதிரியா? அதுக்கு நாலு மணி போதாது” என்றாள் ஜினி.

அனுஷா முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். “எல்லாத்தையும் நாமளே முதல்ல இருந்து எழுதறதில்ல சார். பிரேம்வொர்க்குன்னு ஒண்ணு உண்டு. பேரு, மெயில், பாஸ்வேர்டு வச்சு ஒரு ஆளைப் பதிவு செய்யறதெல்லாம் அதிலயே ரெடியா இருக்கும். நமக்கு வேண்டியதை மேல சேத்துக்கணும். இங்க நான் மூணு விதமா ஆளுங்களப் பிரிச்சேன். வரன் தேடறவங்க, ஆபீஸ் ஆளுங்க, நிர்வாகி. கணக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான். யாருக்கு எந்தப் பட்டன் தெரியும்ங்கறதுதான் வித்தியாசம். ‘முடக்கு’ பட்டன் நிர்வாகிக்கு மட்டுந்தான் தெரியும்.”

“நிர்வாகியை யாரு உண்டாக்கறது?”

“நான்தான். கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சா அதுவே பேரு, பாஸ்வேர்டெல்லாம் கேக்கும். குடுத்தா நிர்வாகிக் கணக்கு ரெடி. வெப்சைட் திறந்த அன்னைக்கு எனக்கு அப்படித்தான் ஒண்ணு போட்டேன்.”

நான் ஆழமாகத் தலையாட்டினேன். என் சொந்த மெயிலின் பாஸ்வேர்டு அலுவலகச் சுவரில், காலண்டருக்குக் கீழே எழுதியிருக்கிறது. ஜினி அதை அப்போது சொல்லாமல் விட்டது அவளுடைய பெருந்தன்மை.

“பின்னே, குறிப்புல பேரு வராம வெறும் ‘நிர்வாகி’ன்னு வருதே, அது எந்தா?” என்றாள் ஜினி.

அனுஷா தலையைக் குனிந்துகொண்டாள். “நான் ஒருத்திதானே, பேரு எதுக்குன்னு விட்டுட்டேன் சேச்சி. அது இப்ப என் கழுத்துக்கு வந்து நிக்குது.”

முடங்கிய மாப்பிள்ளைகளின் விவரங்களை விஜய்குமார் ஜினியின் போனுக்கு அனுப்பினார். பெயர்களை மட்டும் மறைத்து, எண், படம், மற்ற விவரங்களோடு. எல்லாப் படத்திலும் முகம் பாலில் குளித்தது போல் இருந்தது. இந்த ஆட்களை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

அதிர்ஷ்டவசமாக ஒருவர் உயிரோடு கீழேயே கிடைத்தார். முடங்கியவர்களில் ஒருவர் நேரில் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, ஹைவே ஓரத்துக் கடையில் எதிரே உட்கார வைத்தேன்.

“பேரு ஆன்சன். கார் ஷோரூம்ல வேலை. சண்டே ஸ்கூல் டீச்சர் சார் நான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. என்னைத் தவறான தகவல்னு வெளியே தள்ளியிருக்காங்க, எனக்க மானம் போச்சு” என்றார் அவர்.

“ஆன்சன்... எங்கேயோ கேட்ட பேரு” என்று முணுமுணுத்தாள் ஜினி.

“உங்க ஊருல வீட்டுக்கு ஒரு ஆன்சன் இருப்பான்” என்று அவளை அடக்கினேன். பிறகு என் கூர்மையான கேள்விகளைத் தொடுத்தேன். எதிரிகள் உண்டா? இல்லை. பழைய காதல்? இல்லை. அனுஷாவைத் தெரியுமா? யார் அது? எதுவும் தேறவில்லை. அவருடைய முகத்தை ஆராய்ந்து பார்த்தேன். நேர்மையான முகம், புதிய முகம்.

ஆன்சன் நன்றி சொல்லிவிட்டு எழுந்து, திரும்பி, பைக்கை நோக்கி நடந்தார். வலது தோள் சற்று இறங்கியிருந்தது. இரண்டு எட்டுக்கு ஒரு தடவை பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டார். பைக்குக்கு நாலு கடை முன்னாலேயே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்படியே நடந்தார்.

நான் ஜூஸை மேலே கொட்டிக்கொண்டேன்.

“ஜினி! அது ‘ஹெல்மெட்’!”

“ஹெல்மெட்தான் சாரே. தலையில போடறது.”

“நம்ம ‘ஹெல்மெட்’! குடியே கிடையாதுன்னு பெண் வீட்டுல சொல்லிட்டு, மதுக்கடை வரிசையில ஆள் அடையாளம் தெரியாம இருக்க ஹெல்மெட்டோட நிப்பானே! போன ஓணத்துக்கு அவன் பின்னால நான் நடந்த நடை எனக்குத் தெரியாதா?”

ஜினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இவ்வளவு நேரம் எதிர்ல இருத்தி ஜூஸ் வாங்கிக் குடுத்தப்போ தெரியலியா?”

“முகத்தை நான் எங்க பார்த்தேன்? நம்ம தொழில்ல எல்லாரையும் பின்னால இருந்துதானே பார்க்கிறது!”

அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் அடுத்த நிமிடமே போனை எடுத்து, முடங்கியவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நெடுமங்காட்டில் சொந்த மாடி வீடு. அது நம்ம ‘காவல்’. அவன் காவல் காக்கிற வீடு அது. வெளிநாட்டு வேலை. அது ‘துபாய்’; காட்டாக்கடையில் அத்தை வீட்டு மாடியில் இருந்துகொண்டு துபாயிலிருந்து பேசுவதாகப் பேசியவன். வாசிக்க வாசிக்க நான் விரல் விட்டு எண்ணினேன். அத்தனை பேரும் என் ஆட்கள். அத்தனை பேரின் பின்னந்தலையும் எனக்குப் பாடம்.

“அப்போ இந்த விஷயமெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர்தான் முடக்கறது” என்றாள் ஜினி மெதுவாக. “தெரிஞ்சது பெண் வீட்டுக்காரங்களுக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு கேஸுதான் தெரியும். எல்லாக் கேஸும் தெரிஞ்சது...”

“நம்ம நிலையத்துக்கு மட்டும்.”

“நிலையத்துல ரெண்டு பேருதான் சாரே.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஹைவேயில் ஒரு டிப்பர் லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது.

“நான் இல்ல” என்றோம் ஒரே நேரத்தில்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெருமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இனிமேல் பெருமைக்கு இடம் வராது. மேலே செல்வகணேஷ் என்று ஒரு பையன் இருந்தான். அனுஷாவுக்குக் கீழே வேலை பார்ப்பவன். அவனும் பந்தக்காலில் வரன் தேடிப் பதிந்திருந்தான். நான் அவனைப் பற்றி ஒரு பொய்யை உண்டாக்கினேன்.

“ஜினி, ஒண்ணு சொல்றேன், வெளியே விடாதே” என்றேன் குரலைத் தாழ்த்தி. “அந்தச் செல்வகணேஷ் தூக்கத்துல நடக்கிறவனாம். ராத்திரி எழுந்து பக்கத்து வீட்டுக் கோழிக் கூட்டைத் திறந்து விடுவானாம். பாவம், கட்டிக்கப் போற பொண்ணு.”

“அய்யோ” என்றாள் ஜினி. முகத்தில் சலனமே இல்லை. கைதேர்ந்த குற்றவாளி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவளைத் தனியே விட்டால்தானே மாட்டுவாள் என்று, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கில் ஒரு மரத்தடிக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது உலகம்மாளின் போன் வந்தது. தினமும் மத்தியானம் வரும் போன். சாப்பிட்டாச்சா, அவியல் எப்படி, மோரைக் குடித்தீர்களா என்று கேட்டாள். வழக்கம் போலப் பேசினோம். ஏதோ திறப்புக்கு அனுப்பிய ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறாளாம், வீடு திரும்ப நேரமாகுமாம். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் திறக்கிற இடங்களைக் கணக்கு வைக்க இன்னொரு துப்பறியும் நிலையம் வேண்டும்.

நான் போனை வைத்து, டப்பாவைக் கழுவி மூடிய நேரத்துக்குள் மாடியில் கூச்சல் கேட்டது. நான் ஜூஸ் கடைக்குத் திரும்பவும் செல்வகணேஷ் படியில் ஓடி வந்தான்.

“சார், எனக்க கணக்கு போச்சு! இப்பத்தான் முடங்கியிருக்கு! தவறான தகவலாம்! நான் என்ன தப்புத் தகவல் குடுத்தேன்?”

அனுஷா கண்ணாடி அறையில் வெறுங்கையோடு இருந்தாள். ஆகவே அவள் இல்லை. நான் நிமிர்ந்து, ஜினியை நோக்கி விரலை நீட்டினேன். இந்தக் காட்சிக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

“பொறி வச்சேன், சிக்கிட்டே! அந்தத் தூக்கத்துல நடக்கிற கதை என் சொந்தக் கற்பனை. அதை உனக்கு மட்டுந்தான் சொன்னேன்!”

ஜினி தன் போனை என் கையில் வைத்தாள். நான் சாப்பிட்ட நேரம் முழுக்க அது மேஜைமேல் ஜூஸ் கடைக்காரரின் சார்ஜரில் இருந்ததாக அவரே சாட்சி சொன்னார்.

“எனக்கு மட்டுந்தானா சாரே?” என்றாள் அவள். “நல்லா யோசிச்சுப் பாருங்க. வேற யாருகிட்டயும் சொல்லலியா?”

“யாருகிட்டயும் சொல்லல.”

“மரத்தடியில போன்ல சிரிச்சுச் சிரிச்சு என்ன பேசினீங்க?”

“அது வீட்டுல. உலகத்துகிட்ட. அது எப்படிக் கணக்குல வரும்? அவகிட்டச் சொல்றது மத்தவங்ககிட்டச் சொல்றதா? நான் தினமும்...”

வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தினமும். இருபது வருடமாக, தினமும் மத்தியானம், ஒவ்வொரு கேஸும். ஊர், வேலை எல்லாம் சொன்னாலும் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன், அவ்வளவு கட்டுப்பாடு எனக்கு. ரகசியம் காக்கப்படும் என்ற பலகையின் கீழே இருந்துகொண்டு, அவியலுக்கும் மோருக்கும் நடுவில் ஊரின் அத்தனை ரகசியத்தையும் ஒப்பித்திருக்கிறேன். அதை ரகசியத்தை வெளியே விடுவதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

“ஆனா உலகம் எப்படி முடக்க முடியும்? அவ நிர்வாகி இல்லியே!”

“அது எனக்கும் புரியல” என்றாள் ஜினி. “ஆனா அக்காதான். ஒறப்பு, சந்தேகமே இல்ல.”

மேலே விஜய்குமாரின் குரல் கேட்டது. “வெளியே கூட்டாளி இருக்கான், அப்போ! போலீஸே பிடிச்சுக்கட்டும்!”

“ஜினி, இது வெளியே தெரிஞ்சா நம்ம பலகையைக் கழட்டி விறகுக்குப் போடணும். ஒரு பெண் வீட்டுக்காரன் நம்ம படி ஏறுவானா?” என்றேன்.

என்ன கிண்டல் வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை.

“அந்தப் பொண்ணு காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல்ல சாரே” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயத்தை விட அது அதிகமாக இருந்ததால் எழுந்து படியேறினேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது விஜய்குமார் போனைக் காதில் வைத்திருந்தார். “வைங்க அதை. முடக்கினது அனுஷா இல்ல. என் வீட்டுக்காரி” என்றேன்.

அவர் போனை வைத்தது நம்பியதால் இல்லை, சிரிப்பு வந்ததால். “உலகம்மாக்காவா? அண்ணாச்சி, அக்கா இப்போ வந்துருவாங்க. அவங்க கையாலதான் நாலு மணிக்கு ஆப்பே தொடக்கம்.”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக உலகம்மாள் வந்து நின்றாள். என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். “நீங்களும் இங்கதானா? சொல்லியிருந்தா ஒரே ஆட்டோவுல வந்திருக்கலாம்லா.” பிறகு செல்வகணேஷைப் பார்த்ததும் முகம் இரங்கியது. “தம்பி, தூக்கத்துல நடக்கதுக்கெல்லாம் இப்போ நல்ல மருந்து இருக்கு. குணமாக்கிட்டுப் பொண்ணு பாரு, என்னா?”

செல்வகணேஷ் அழுகிற நிலைக்கு வந்தான்.

“அக்கா, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள் ஜினி.

உலகம்மாள் தயங்காமல் பந்தக்காலைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு மாப்பிள்ளை படத்துக்கும் கீழே சிவப்பாக ஒரு பட்டன் இருந்தது. முடக்கு.

“மத்தியானம் பொழுது போகலேன்னா இதைத்தான் பாப்பேன். சீரியலை விட நல்லாருக்கு” என்றாள். “இவுக போன்ல சொல்லுவாக, இன்ன மாதிரி ஒருத்தன் ஏமாத்துதான்னு. பாத்தா அவன் இதுல கோட்டுப் போட்டுச் சிரிச்சுக்கிட்டு நிப்பான். நெடுமங்காட்டு வீட்டுப் படத்தையே போட்டிருக்கான் ஒருத்தன்! பொம்பளப் பிள்ளைக பாவம்லா. பட்டன் இருக்கு, அமுக்கினேன். எல்லாருக்கும் இருக்கும்னுல்லா நெனச்சேன்.”

“ரகசியமா இருக்க வேண்டிய விஷயம் உலகம்!” என்றேன் பலவீனமாக.

“நான் யாருட்டயும் சொல்லலியே. பட்டன்தானே அமுக்கினேன். சொன்னது நீங்க.”

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அனுஷா வெளியே வந்திருந்தாள். “அக்கா, உங்க கணக்கு நம்பர் என்ன?”

“ஒண்ணு. இந்தத் தம்பிதான் கூப்பிட்டு, முதல் கணக்கு எனக்க கையால தொடங்கணும்னாரு.”

அனுஷா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். “என் தப்பும் இதுல இருக்கு. ஆரம்பத்துல எழுதினப்போ ஒரு குறுக்கு வழி போட்டேன். காலியா இருக்கிற வெப்சைட்டுல யாரு முதல்ல கணக்கு தொடங்கறாங்களோ, அவங்களையே நிர்வாகியா எடுத்துக்கன்னு. பலரும் செய்யறதுதான். முதல்ல தொடங்கப்போறது நான்தானேன்னு நெனச்சேன். தொடங்கவும் செஞ்சேன், திறக்கறதுக்கு முந்தின நாளே.”

“பின்னே அந்தக் கணக்கு எங்க போச்சு?” என்றாள் ஜினி.

செல்வகணேஷ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

“சார்தான் அழிக்கச் சொன்னாரு” என்றான் செல்வகணேஷ். “திறக்கிற அன்னைக்கு எண் ஒண்ணு கைராசிக்காரங்களுக்குத்தான் போகணும், பழசு எல்லாத்தையும் துடைச்சிடுன்னு. அனுஷா சேச்சி வந்த பஸ் விதுரையில பிரேக் டவுன். நல்ல நேரம் போயிரும்னு நானே துடைச்சேன். அக்கா முதல்ல, சார் ரெண்டாவது.”

“நான் வந்து பாத்தப்போ என் கணக்கைக் காணல” என்றாள் அனுஷா. “சோதனைக் கணக்கோட அதுவும் போயிருக்கும்னு, கறுப்புத் திரையில புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டேன். எண் ஒண்ணு யாருன்னு திரும்பிப் பாக்கல.”

ஆக, ஒரு கம்பெனியின் சாவியைக் கைராசி பார்த்து என் மனைவியிடம் கொடுத்தவர் விஜய்குமார். அதைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தத் தகவல் கொடுத்தவன் நான். கொடுத்தது தெரியாமல் இத்தனை பேர் இத்தனை நாள் திருடனைத் தேடியிருக்கிறோம். அதில் நான் மட்டும் தேடுவதையே தொழிலாகப் பலகை வைத்துச் செய்கிறவன்.

விஜய்குமார் மணியைப் பார்த்தார். “சரி, ஒரு தெற்றித்தாரணை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். நடந்தது நடந்து போச்சு. மனசுல வைக்காதே மோளே. அக்காவோட பட்டனை எடுத்துட்டு, முடங்கினதை எல்லாம் திறந்து விடு. நாலு மணிக்கு முன்ன ஆகணும்.”

மன்னிப்பு என்று அதில் ஒரு வார்த்தை வரும் என்று அனுஷா காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நானும் காத்திருந்தேன். வரவில்லை.

“லாப்டாப் தாங்க சார்” என்றாள் அவள்.

நாங்கள் சுற்றி நிற்க, அவள் வேகமாகத் தட்டினாள். என் மனைவியின் போனிலிருந்து சிவப்புப் பட்டன்கள் மறைந்தன. “அடடா” என்றாள் உலகம்மாள் உண்மையான வருத்தத்தோடு. செல்வகணேஷின் படம் திரும்பி வந்தது.

“மத்தவங்க?” என்றார் விஜய்குமார்.

“வீட்டுப் பத்திரம், வேலைச் சான்று காட்டினா திறக்கலாம் சார். தவறான தகவல்னு எழுதியிருக்கிறது பொய்யில்லயே.” அவள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே சொன்னாள். “இனி முதல்ல வர்றவங்க நிர்வாகி ஆக மாட்டாங்க, அந்த வரியை எடுத்தாச்சு. இனிமே குறிப்புல வெறும் நிர்வாகின்னு வராது. செஞ்சவங்க பேரே வரும். வேலை செய்யுதான்னு ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடறேன்.”

விசையைத் தட்டினாள். பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்த கூலிங் கிளாஸும் கோட்டும் சட்டென்று காணாமல் போயின. அந்த இடத்தில் குறிப்பின் கடைசி வரி வந்து நின்றது.

‘முடக்கப்பட்டது: கணக்கு எண் 2. முடக்கியவர்: அனுஷா. காரணம்: தவறான தகவல்.’

விஜய்குமார் வாயைத் திறந்தார். யாரையும் அவசரப்பட்டுக் குறை சொல்லாத குணம் இருந்த இடத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது குரல் சின்னதாக இருந்தது. “அனுஷா, அது... அதைத் திறந்து விடு.”

“அப்பீல் குடுங்க சார். பரிசீலிக்கிறோம்” என்றாள் அனுஷா.

லாப்டாப்பை மூடினாள். ஜினி நீட்டிய தண்ணீரை வாங்கி, நின்றுகொண்டே, கிளாஸ் காலியாகும் வரை குடித்தாள்.